விழுந்து கற்ற வித்தை

ஏழு மராமரங்களையும் துளைத்துக்கொண்டு போன இராமபாணம், வேலை முடிந்ததும் திரும்பி வந்து அம்பறாத்தூணியில் புகுந்துகொண்டது என்று இராமாயணத்தில் படிக்கிறோம். வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால், அம்பு மரத்தைத் துளைத்ததைப் பற்றிப் பிள்ளைகள் அதிகமாக ஆச்சரியப்படுவதில்லை. "அது எப்படி ஸார் திரும்பி வரும்?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. எய்வது ஒரு வித்தை. எய்ததைத் திரும்பி வரச் செய்வது வேறொரு வித்தை.

இதைச் சொன்ன மாத்திரத்தில், "பார்த்தீர்களா! எல்லாம் நம் புராணத்திலேயே இருக்கிறது!" என்று நேயர்கள் யாரும் மீசையை முறுக்க வேண்டாம். என் உத்தேசம் அது அல்ல. பூமியைச் சுற்றி வரும்படி ஒரு பொருளை ராக்கெட்டின் மூலம் எய்யும் வித்தையை மனிதன் 1957-ஆம் ஆண்டில் கற்றுக்கொண்டான். அப்படி எய்த ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைத் திரும்பி வரவழைத்து, தரையில் நெட்டுக்குத்தாக நிறுத்தும் வித்தையைக் கற்க அவனுக்கு மேலும் 58 ஆண்டுகள் பிடித்தன. அந்த 58 ஆண்டுகளின் கடைசிப் பகுதியில் நடந்த கதை சுவையானது. அதில் விஞ்ஞானிகள் வருகிறார்கள். விளையாட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். நம் வீட்டுப் பெற்றோர்களும், என் போன்ற உபாத்தியாயர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய சேதி ஒன்றும் அதில் இருக்கிறது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி இரவு, அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்திலுள்ள கேப் கனாவரல் என்னும் இடத்திலிருந்து ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனியாரின் பால்கன்-9 ராக்கெட் கிளம்பிற்று. 70 மீட்டர் உயரம்; அதாவது, ஏறக்குறைய இருபது மாடிக் கட்டிடம். அதன் தலையில் 11 சிறு செயற்கைக் கோள்கள் இருந்தன. இப்படிப்பட்ட ராக்கெட்டில் இரண்டு அடுக்குகள் உண்டு. கீழடுக்கு மேலடுக்கைத் தூக்கிக்கொண்டு போய், காற்று மிக மெல்லியதாகிவிட்ட உயரத்தில் அதை விட்டுவிடும். பிறகு மேலடுக்கு தன் வழியே போய்ச் சேரும். கீழடுக்கு கடலில் விழுந்து நாசமாகும். நம் சமையலில் கறிவேப்பிலைக்கு என்ன கதியோ அதே கதிதான் அதற்கு. மணம் கொடுக்கிற வரையில் வேண்டும். பிறகு இலையோரத்தில் ஒதுக்கிவிடுவார்கள்.

அன்று இரவு அந்தக் கறிவேப்பிலை ஒதுங்க மறுத்துவிட்டது. ஒன்பது எஞ்சின்கள் கொண்டதும், 40 மீட்டருக்கு மேல் உயரமுள்ளதுமான அந்தக் கீழடுக்கு ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிற்று. கிளம்பிய பத்து நிமிஷத்துக்குள், கிளம்பிய இடத்திலிருந்து சில மைல் தூரத்தில், அடியில் நெருப்பைக் கக்கிக்கொண்டு, நான்கு கால்களையும் விரித்துக்கொண்டு, நெட்டுக்குத்தாக வந்து நின்றது. அந்தப் படத்தை முதன் முதலில் பார்த்தவர்களில் பலருக்கு, ராக்கெட் கிளம்புகிற படத்தையே பின்பக்கமாகச் சுழற்றிக் காட்டுகிறார்களோ என்ற சந்தேகம் உண்டாயிற்று.

பார்த்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் கச்சேரிக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டல்லவா? பாடகர் நிறுத்தியதும் கைதட்டுகிறவர் ஒரு வகை. பல்லவி ஆரம்பத்திலிருந்தே தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, எடுப்பு எங்கே வந்து சேர வேண்டும் என்பதை அறிந்து, அது சேருகிற வரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் மற்றொரு வகை. அந்த டிசம்பர் இரவில் இந்த இரண்டாவது வகை ரசிகர்கள் உலகத்தில் பல தேசங்களிலும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எஞ்சினீயர்கள் அல்லர். ஒரு விளையாட்டின் அபிமானிகள்.

*

மெக்ஸிகோ நகரத்தில் விளம்பரத் தொழில் நடத்தி வந்த ஸ்குவாட் என்ற கம்பெனியில் பெலிப்பே பலாங்கே என்ற இளைஞர் வேலை பார்த்தார். சிறு வயதில் அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஈயக் காகிதத்தில் சின்னஞ்சிறு பொம்மைகள் செய்து, அவற்றை வாணங்களில் ஏற்றிக் கொளுத்தி விடுவது. அந்தப் பொம்மைகளுக்குக் "கேர்பல்" என்று பெயர். பெரியவரான பிறகும் இந்த ஆசை அவரை விடவில்லை. கம்பெனியார் அனுமதி கொடுக்கவே, கம்ப்யூட்டரில் விளையாடும் விளையாட்டாக அதை உருவாக்கினார். 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் "கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்" முதன் முதலாக வெளிவந்தது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் பூரணமான பதிப்பு வந்தது.

இதில் துப்பாக்கி இல்லை, பகைவன் இல்லை. முட்டைக் கண்ணும் பச்சை உடம்புமான குள்ள மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். எஞ்சின், எண்ணெய்த் தொட்டி, இறக்கை, கால், குடை ஆகிய உறுப்புக்கள் இருக்கின்றன. அவற்றை இஷ்டப்படி பூட்டி ராக்கெட் செய்து, அந்தக் குள்ளர்களை அதில் ஏற்றி அனுப்ப வேண்டும். பகைவன் இல்லை என்றேனே, அது முழு உண்மையல்ல. ஸர் ஐஸக் நியூட்டன் இருக்கிறார். அவருடைய விதிகளை மீறினால் ராக்கெட் வெடிக்கும்.

முதல் நாள் விளையாட வருகிறவன், மேலே மேலே போனால் விண்வெளி வந்துவிடும் என்று எண்ணி, நேராக மேலே அனுப்புவான். ராக்கெட் எண்ணெய் தீரும் வரையில் ஏறும். பிறகு கல் மாதிரி திரும்பி விழும். பல தடவை விழுந்த பிறகுதான் அவனுக்கு உண்மை புலனாகும். கிரகத்தைச் சுற்றி வருவதற்கு உயரம் போதாது. பக்கவாட்டில் வேகம் வேண்டும். எவ்வளவு வேகம்? கீழே விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்துகொண்டே போக வேண்டும், அவ்வளவு வேகம். நம் பூமியின் அருகில் சுற்றுவதற்கு விநாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் தேவை. இதை நான் கரும்பலகையில் பத்து வருஷம் எழுதிக் காட்டினாலும் மாணவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்குப் பிறகு மறந்துவிடுகிறார்கள். பத்து ராக்கெட்டுகளை வெடித்துத் தள்ளிய பையன் மறப்பதில்லை.

இந்த ஞானம் எங்கே பயன்பட்டது என்று பாருங்கள். பால்கன் இறங்குவதற்கு நாலு வாரத்துக்கு முன்பு, 2015 நவம்பர் 23-ந் தேதி, புளூ ஆரிஜின் என்னும் மற்றொரு கம்பெனியின் நியூ ஷெப்பர்டு என்ற ராக்கெட் டெக்ஸாஸில் 100 கிலோமீட்டர் உயரம் ஏறி, நெட்டுக்குத்தாகவே திரும்பி வந்து நின்றது. அதுவும் உயர்ந்த சாதனை. "அப்படியானால் முதல் வெற்றி அவர்களுக்குத்தானே?" என்று உலகம் கேட்டது. கேர்பல் அபிமானிகளுக்கு வித்தியாசம் உடனே விளங்கிவிட்டது. நியூ ஷெப்பர்டு செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கிற்று. பால்கனின் கீழடுக்கோ மேலடுக்கைக் கிரகப் பாதையில் சேர்ப்பதற்காக மணிக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது அந்த வேகத்தை முறித்து, திசையைத் திருப்பி, வீடு வந்து சேர வேண்டியிருந்தது. மரத்தில் ஏறி இறங்குவதற்கும், ஓடுகிற ரயிலிலிருந்து குதித்துப் புறப்பட்ட ஸ்டேஷனுக்கே திரும்பி வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

*

இனி, இறங்குவதில் உள்ள கஷ்டத்தைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

கீழடுக்கு திரும்பி வரும்போது அதன் தொட்டிகள் பெரும்பாலும் காலியாகிவிட்டன. ஆகவே அது மிகவும் லேசாக இருக்கிறது. கடைசியில் ஒன்பது எஞ்சின்களில் ஒன்றை மட்டும் மூட்டி இறங்குகிறது. அந்த ஓர் எஞ்சினையும் எவ்வளவுதான் தணித்தாலும், அதன் உந்துதல் ராக்கெட்டின் எடையைவிட அதிகமாகவே இருக்கிறது. இதன் விளைவு என்ன? கருடன் மாதிரி அந்தரத்தில் நின்று இடம் பார்த்து மெல்ல இறங்குவது என்பது அதற்குச் சாத்தியம் இல்லை. வேகம் பூஜ்யமாவதும் கால் தரையில் படுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும்.

உதாரணத்துக்கு, விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் ராக்கெட் விழுந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சினை மூட்டினால் வேகம் ஒவ்வொரு விநாடியும் 20 மீட்டர் குறையும் என்று கொள்வோம். அது நிற்பதற்குப் பன்னிரண்டரை விநாடி ஆகும். அதற்குள் சுமார் 1,560 மீட்டர் இறங்கியிருக்கும். ஆகவே சரியாக 1,560 மீட்டர் உயரத்தில் எஞ்சினை மூட்ட வேண்டும். அரை விநாடி தாமதித்துவிட்டால்? அந்த அரை விநாடியில் 125 மீட்டர் அதிகமாக விழுந்துவிடும். மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதிச் சுக்குநூறாகும். சரி, அரை விநாடி முந்திக்கொண்டால்? தரைக்கு மேல் 125 மீட்டரில் வேகம் பூஜ்யமாகிவிடும். எஞ்சினை அணைக்காவிட்டால் மறுபடி மேலே கிளம்பிவிடும். அணைத்தாலோ, அந்த உயரத்திலிருந்து விழுந்து மணிக்கு 175 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நொறுங்கும். முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து. கேர்பல் விளையாடுகிறவர்கள் இப்படிக் கடைசிக் கணத்தில் எஞ்சினை மூட்டி இறங்குவதற்குத் "தற்கொலை எரிப்பு" என்று விபரீதமான ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

பெயர் வைத்தவர்கள் அதை எத்தனை தடவை செய்து பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் அன்று இரவு அவர்கள் தாளம் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். எஞ்சின் மூட்ட வேண்டிய கணம் அவர்களுடைய விரல் நுனிக்குத் தெரிந்திருந்தது.

*

ஆனால் அவர்கள் எல்லோருடைய அபிப்பிராயமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. முக்கியமாக மூன்று கட்சிகள் இருந்தன.

முதல் கட்சி பரவசக் கட்சி. தங்கள் மேஜை மேல் பொம்மைகளைக் கொண்டு செய்ததை நிஜமான இரும்பும் நெருப்பும் செய்ததைக் கண்டு உருகிப்போனவர்கள் இவர்கள்.

இரண்டாவது கட்சி அலட்சியக் கட்சி. "இதை நாங்கள் எப்போதோ செய்துவிட்டோமே! இதில் என்ன பிரமாதம்?" என்பது இவர்களுடைய வாதம். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் பதில் சொல்லத்தக்க வாதந்தான். விளையாட்டில் வரும் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர்; நம் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அங்கே கிரகத்தைச் சுற்றுவதற்கு விநாடிக்குச் சுமார் இரண்டே கால் கிலோமீட்டர் வேகம் போதும். அங்கே பெரும்பாலான எஞ்சின்களை விளக்குத் திரி மாதிரி இஷ்டப்படி தணிக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மூட்டலாம். அங்கே காற்று அடிப்பதில்லை. தொட்டிக்குள் எண்ணெய் அலைவதில்லை. நிலாப் படத்தைப் பார்த்து நிலாவுக்கே போய்விட்டதாக எண்ணக் கூடாது. இதை அலட்சியக் கட்சிக்கு எடுத்துச் சொன்னவர்களும் அந்த விளையாட்டின் அபிமானிகளே.

மூன்றாவது கட்சி கணக்குப்பிள்ளைக் கட்சி. இறங்குவதற்கு எண்ணெய் மிச்சம் வைக்க வேண்டும். கால்களைச் சுமக்க வேண்டும். அந்த எடைக்கு உரிய சரக்கு நஷ்டந்தானே என்பது இவர்களுடைய ஆட்சேபம். இது கெட்டியான ஆட்சேபம். பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் கோள்களுக்கான பாதையில் பால்கன்-9 அதிகபட்சமாக 8,300 கிலோ சுமையைச் சேர்க்கும். கீழடுக்கைத் திரும்பப் பெற வேண்டுமானால் 5,500 கிலோதான் என்று அந்தக் கம்பெனியாரே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் ஒரு வண்டியை ஒரே சவாரிக்குப் பிறகு கடலில் தள்ளுவதா, கொஞ்சம் குறைவாகப் பாரம் ஏற்றி முப்பது சவாரி அடிப்பதா என்று கேட்டால், எந்த வண்டிக்காரனும் விடை சொல்லிவிடுவான். 2017 மார்ச் 30-ந் தேதி ஒரு கீழடுக்கு முதன் முறையாக இரண்டாம் தடவை பறந்தது. 2025-ஆம் ஆண்டில் ஒரே கீழடுக்கு 30 தடவைக்கு மேல் பறந்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இப்படி இறங்கிய இறக்கங்களின் தொகையும் 500-க்கு மேல் போய்விட்டது. கணக்குப்பிள்ளைக் கட்சியின் கணக்கு தப்பல்ல. ஆனால் ஒரு சவாரிக்கு மாத்திரம் போட்ட கணக்கு அது.

*

வெற்றியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இனித் தோல்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஷயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

2013 செப்டம்பரில் கீழடுக்கைக் கடலில் மெதுவாக இறக்கப் பார்த்தார்கள். அது பம்பரமாகச் சுழன்றது. எண்ணெய் தொட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கி, எஞ்சின் அணைந்துவிட்டது. 2015 ஜனவரியில் கடலில் ஒரு தட்டைக் கப்பலை நிறுத்தி அதில் இறக்கப் பார்த்தார்கள். திசை திருப்பும் இறக்கைகளை அசைக்கும் எண்ணெய் கடைசி நேரத்தில் தீர்ந்துபோய், ராக்கெட் சாய்ந்தபடி வந்து கப்பலில் மோதி வெடித்தது. ஏப்ரலில் ஒரு வால்வு சற்று மந்தமாக வேலை செய்தது; வந்து நின்ற ராக்கெட் கள் குடித்தவன் மாதிரி தள்ளாடி விழுந்தது. ஜூன் 28-ந் தேதி, இறக்கத்துக்கு முன்பே, போகிற வழியிலேயே ராக்கெட் முழுவதும் சிதறிற்று. உள்ளே ஹீலியம் கலத்தைத் தாங்கிய முட்டு ஒன்று ஒடிந்ததுதான் காரணம். கேர்பல் விளையாட்டில் ராக்கெட் ஒடிந்து விழுந்தால், "இன்னும் நாலு முட்டுக் கொடு!" என்பது பரம்பரையான பரிகாசம். அந்தப் பரிகாசம் நிஜமாகிவிட்டதே என்று அபிமானிகள் துக்கத்திலும் சிரித்தார்கள். டிசம்பரில் வெற்றி கிடைத்தது. அதோடு தோல்வி நின்றதா? 2016 ஜனவரியில் ஒரு கால் பூட்டிக்கொள்ளாமல் ராக்கெட் மறுபடி சாய்ந்து விழுந்தது. ஏப்ரல் 8-ந் தேதிதான் கப்பலில் முதன் முதலாக நின்றது.

2017 செப்டம்பரில் இந்தக் கம்பெனியார் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் ராக்கெட்டுகள் வெடித்த படங்களை எல்லாம் ஒன்றாகத் தொகுத்து, குதூகலமான பாண்டு வாத்தியத்தைப் பின்னணியாகச் சேர்த்து, "ராக்கெட்டை எப்படி இறக்கக் கூடாது" என்னும் கருத்தில் தலைப்புக் கொடுத்துத் தாங்களே வெளியிட்டார்கள். அதை ரசித்தவர்களில் கேர்பல் அபிமானிகளுக்குத்தான் முதல் ஸ்தானம் கொடுக்க வேண்டும். அது அவர்களுடைய சொந்தச் சரித்திரம் மாதிரியே இருந்தது.

அந்த விளையாட்டில் ஒரு பொத்தான் உண்டு. ராக்கெட் வெடித்தால் அதை அழுத்தலாம். மறுபடி ஏவுமேடையில், ஒன்றும் நடவாதது போல், அதே ராக்கெட் நிற்கும். "நிஜ உலகத்தில் அப்படிப்பட்ட பொத்தான் ஏது?" என்று கேட்பீர்கள். பொத்தான் இல்லைதான். ஆனால் அதற்குச் சமமான ஒன்றை அந்த எஞ்சினீயர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் இறக்கிப் பழகிய கீழடுக்குகளில் பெரும்பாலானவை வாடிக்கைக்காரர்களின் சரக்கைத் தூக்குவதற்காகச் செய்தவை. தூக்கும் கூலி கைக்கு வந்துவிட்டது. வேலை முடிந்த பிறகு அவை கடலில் விழ வேண்டியவையே. ஒதுக்கப் போகிற அந்தக் கறிவேப்பிலையை வைத்துத்தான் பரீட்சை செய்தார்கள். நின்றால் லாபம், வெடித்தால் எப்படியும் போக வேண்டியதுதான் போயிற்று. தோல்வியின் விலையை அவர்கள் முன்கூட்டியே குறைத்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிரிடையான ஒரு கதையையும் சொல்கிறேன். பால்கனுக்கு இருபது வருஷத்துக்கு முன்பே, 1993 ஆகஸ்டில், மக்டானல் டக்ளஸ் கம்பெனியாரின் டி.ஸி.-எக்ஸ் என்ற 12 மீட்டர் உயரமுள்ள ராக்கெட், நியூ மெக்ஸிகோவின் ஒயிட் ஸாண்ட்ஸ் பாலைவனத்தில் எழும்பி, நகர்ந்து, நெட்டுக்குத்தாக இறங்கிற்று. பிறகு அதை நாஸா ஸ்தாபனம் எடுத்துக்கொண்டது. 1996 ஜூலை 31-ந் தேதி, பன்னிரண்டாவது ஓட்டத்தில், நான்கு கால்களில் ஒன்று விரியவில்லை. அந்தக் காலுக்குரிய குழாய் ஒன்று பூட்டப்படாமல் விடுபட்டிருந்தது. ராக்கெட் சாய்ந்து தீப்பற்றி எரிந்தது. இன்னொன்று செய்யப் பணம் இல்லை. முயற்சி அத்துடன் முடிந்தது. அந்த எஞ்சினீயர்களுக்குத் திறமை குறைவா? இல்லை. ஒரே ஒரு ராக்கெட். ஒரே ஒரு தவறு. விழுந்தவன் எழுந்திருக்க அவர்களுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

இந்த நியாயத்தை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. 1986-ஆம் ஆண்டில் சாலஞ்சர் ஓடத்திலும், 2003-ஆம் ஆண்டில் கொலம்பியா ஓடத்திலும் ஏழேழு பேராகப் பதினாலு உயிர்கள் போயின. ஆள் ஏறிய வாகனத்தில் மலிவான தோல்வி என்று ஒன்று கிடையாது. ஆகையினாலேயே, ஆள் ஏறுவதற்கு முன்னால் விழ வேண்டிய விழுக்காடெல்லாம் விழுந்து தீர வேண்டும் என்று ஆகிறது.

2024 அக்டோபர் 13-ந் தேதி இன்னும் பெரிய வேடிக்கை ஒன்று நடந்தது. டெக்ஸாஸில், 70 மீட்டர் உயரமுள்ள ஒரு கீழடுக்கு, கால்களே இல்லாமல் திரும்பி வந்தது. ஏவிய கோபுரமே இரண்டு இரும்புக் கைகளை நீட்டி அதை ஏந்திக்கொண்டது. இந்தத் தடவை அலட்சியக் கட்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று. தங்கள் விளையாட்டில் அதே மாதிரி கோபுரம் கட்டி, ராக்கெட்டைப் பிடிக்கப் பழகுவதில் முனைந்துவிட்டார்கள். முன்பு விளையாட்டைப் பார்த்து நிஜம் வளர்ந்தது போல் இருந்தது. இப்போது நிஜத்தைத் துரத்திக்கொண்டு விளையாட்டு ஓடுகிறது.

*

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேலாக இருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

நம் பாட்டனார்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் படித்தார்கள். தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு, தப்பு மறைந்துவிடும். அடுத்த தலைமுறைக்குச் சிலேட்டு வந்தது. ஈரத் துணியால் ஒரு துடை. அந்தத் தடவலும் துடைப்பும் விளையாட்டில் வருகிற பொத்தானுக்குச் சமானமானவை. குழந்தை நூறு தடவை "அ"னாவைக் கோணலாக எழுதலாம். யாரும் கணக்கு வைப்பதில்லை. இன்றோ, ஐந்து வயதுப் பிள்ளையின் முதல் தப்பே காகிதத்தில், மசியில், சிவப்பு வட்டத்துடன் நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறது. வாரப் பரீட்சை, மாதப் பரீட்சை, அதற்கு ஒரு மார்க்கு, அந்த மார்க்குக்கு ஒரு வரிசை, வரிசையில் பின்னால் நின்றால் வீட்டில் ஒரு விசாரணை. கற்றுக்கொள்கிற காலம் எது, காட்டிக்கொடுக்கிற காலம் எது என்ற பேதமே இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு பிள்ளையையும் டி.ஸி.-எக்ஸ் மாதிரி நடத்துகிறோம். ஒரே ராக்கெட், ஒரு கால் விரியாவிட்டால் எல்லாம் முடிந்தது.

பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரக்கைக் கொண்டு சேர்க்கத்தான் வேண்டும். வாடிக்கைக்காரரின் சரக்கு விஷயத்தில் பால்கன் எஞ்சினீயர்கள் விளையாடவில்லை. ஆனால் சரக்குச் சேர்ந்த பிறகு, யாருக்கும் நஷ்டம் இல்லாத ஓர் இடத்தில், தாராளமாக விழுந்து பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். மார்க்குப் போடாத ஒரு நோட்டுப் புத்தகம், மதிப்பெண் கேட்காத ஒரு மணி நேரம், உடைந்தாலும் பரவாயில்லை என்று கொடுத்த ஒரு பழைய கடிகாரம்: இவற்றுக்கு அதிகச் செலவு ஆகாது.

மாலையில் உங்கள் பிள்ளை கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஐயோ, மறுபடியும் வெடித்துவிட்டதே!" என்று கூவினால், படிப்பதை விட்டுவிட்டு விளையாடுகிறான் என்று உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். பாடம் படிக்க நேரம் ஒதுக்க வேண்டியதுதான். அதற்கு நானே சாட்சி. ஆனால் அதற்கு முன்னால் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "ஏன் வெடித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குக் காரணம் தெரிந்திருந்தால், அவன் பாதிப் பாடம் படித்துவிட்டான் என்று அர்த்தம். தெரியாவிட்டால், இருவருமாகச் சேர்ந்து இன்னொன்று வெடித்துப் பாருங்கள்.